ஃபுல்பேக் இல்லாத ஆட்டம்

வியர்ட்டன், மேற்கு வர்ஜீனியா
ஆகஸ்ட் 29, 1990

மிலன்,

நேற்று மத்தியானம் ரஸ் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தால் வாசலில் அவருடைய வண்டி நிற்கிறது. டோலிடோ ஃபுட்பால் அணியின் பயிற்சி முகாம் முடிய இன்னும் நாள் இருக்கிறதே, எங்கேயாவது எலும்பை முறித்துக்கொண்டாரோ என்று பதறி உள்ளே ஓடினேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கோழிக்கால் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைச் சாப்பிடாமல், சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"உன் தம்பி பந்தைக் காத்துல விடப் போறான். காத்துல எனக்கென்ன வேலை?"

அவ்வளவுதான் சொன்னார். மீதியை நான் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. காலையில் டோலிடோ முகாம் விடுதியில் ஒரு ஆள் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். "பெரிய கோச் கூப்பிடறாரு, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு." ஆட்டப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று உங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பெரிய கோச் கைகுலுக்கினாராம். "உன் மேல ஒரு குறையும் இல்ல ரஸ். இந்த வருஷத்துலேர்ந்து நம்ம ஆட்டத்துல ஃபுல்பேக்னு ஒரு இடமே கிடையாது" என்றாராம்.

அந்த ஆட்டத்தை வகுத்தவன் நீ. அந்த அறையில் நீ இல்லை. ரஸ் உன்னைத் தேடிப் போயிருக்கிறார். "மிலன் கோச் ஆட்டப் படம் போட்டுப் பாத்துக்கிட்டிருக்காரு, யாரும் வரக் கூடாதுன்னுட்டாரு" என்று வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். சொந்த மச்சானை.

பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு, எந்த அணியும் சீந்தாமல் கிடந்தாயே, அப்போது டோலிடோ கோச்சிடம் போய், "என் மச்சான் ஒருத்தன் இருக்கான், பந்து எறியற ஆட்டத்துல பெரிய மூளை, ஒரு வாட்டி பேசிப் பாருங்க" என்று சொன்னது யார்? பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு முன்னால் ஓடி, குறுக்கே வருகிறவனை முட்டிச் சாய்ப்பதுதான் ஃபுல்பேக்கான அவருக்குத் தெரிந்த வேலை. எட்டு வருடம் மற்றவன் ஓடுவதற்காகத் தலையைக் கொடுத்தார். உனக்கும் அப்படித்தான் வழி உடைத்துக் கொடுத்தார்.

ஆட்டக்காரனை வீட்டுக்கு அனுப்புவது உங்கள் தொழிலில் நடக்கிறதுதான். அதற்காக நான் இதை எழுதவில்லை. முகத்தைக் காட்டாமல் அனுப்பினாயே, அதற்காக எழுதுகிறேன்.

லோரெட்டா


டோலிடோ, ஒஹாயோ
செப்டம்பர் 25, 1990

அன்புள்ள அக்கா,

உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். ஆட்டங்கள் தொடங்கிவிட்டன, தூங்குவதே அலுவலக சோபாவில்தான்.

நான் அந்த அறைக்கு வரவில்லை, உண்மைதான். வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்கும் தெரியும். ரஸ் என் தோளில் தட்டி, "விடுடா, உன் வேலைய நீ பாக்கற" என்று சொல்லியிருப்பான். அதைக் கேட்டுக்கொண்டு அன்று மத்தியானப் பயிற்சிக்குப் போய் நிற்க என்னால் முடிந்திருக்காது.

ஆனால் முடிவு தப்பு என்று மட்டும் சொல்லாதே. பந்தைப் பிடிக்க ஓடுகிறவனை வழியில் இடித்து நிறுத்தக் கூடாது என்று விதியை மாற்றிப் பன்னிரண்டு வருடமாகிறது. இன்னும் எல்லா அணிகளும் களத்தின் நடுவில் மூட்டை மாதிரிக் குவிந்து, ஒருவனை ஒருவன் முட்டிக்கொண்டு, மூன்று கஜம் நகர்ந்தால் போதும் என்று ஆடுகின்றன. அப்பா உருக்காலையில் முப்பது வருடம் முதுகைக் கொடுத்த மாதிரி. களம் எவ்வளவு அகலம் என்று யாருமே பார்க்கவில்லை, அக்கா! நான்கு பேரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பரப்பி நிறுத்தினால் எதிராளியும் பரந்துதான் ஆக வேண்டும். பரந்தால் சந்து விழும். சந்தில் பந்து போகும். எங்கள் குவார்ட்டர்பேக் டாரெல் கண்ணை மூடிக்கொண்டு எறிகிறான், அங்கே நம் ஆள் நிற்கிறான்.

அந்த நான்காவது ஆள் எங்கிருந்து வருவான்? பதினோரு பேருக்கு மேல் இறக்க முடியாது. யாராவது ஒருவர் போயே ஆக வேண்டும். அது ரஸ் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவன் நின்ற இடம் அது.

மூன்று ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டோம். ஊரே கொண்டாடுகிறது. நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு எல்லோரும் இங்கே வாருங்கள். பெரிய வீடாகப் பார்த்திருக்கிறேன்.

உன் தம்பி
மிலன்


வியர்ட்டன்
நவம்பர் 26, 1990

மிலன்,

நன்றி நாளுக்கு நாங்கள் வரவில்லை என்று நீயே பார்த்திருப்பாய். ரஸ்ஸின் தங்கை வீட்டில் சாப்பிட்டோம். உன் வீடு எவ்வளவு பெரிது என்பதைப் பத்திரிகையில் பார்த்துக்கொண்டோம். நீ படியில் உட்கார்ந்து சிரிக்கிற படம். 'அகலத்தைக் கண்டுபிடித்தவர்' என்று தலைப்பு.

ரஸ்ஸை லூயிவில் அணி எடுத்துக்கொண்டது. அங்கே இருக்கிற கிழட்டு கோச்சுக்கு உன் புது ஆட்டத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் அவரிடம் ஏற்கெனவே சின்ன வயசு ஃபுல்பேக் ஒருவன் இருக்கிறான். அதனால் இவருக்கு ஆரம்ப உதைக் கூட்டத்தில்தான் இடம். நம் ஆள் பந்தை உதைத்ததும், களத்தின் இந்தக் கோடியிலிருந்து வெறி பிடித்த மாதிரி ஓடி, எதிரே தோளோடு தோள் சேர்த்து வருகிற தடியன்கள் மேல் போய் விழ வேண்டும். கல்லூரி முடித்த கையோடு வருகிற பையன்கள் செய்கிற வேலை. இவருக்கு முப்பத்து மூன்று.

"பரவால்லடி, யூனிஃபார்ம் போட்டுக்கறேன்ல" என்கிறார்.

அடுத்த மாதம் லூயிவில்லில் உங்கள் இரண்டு அணிக்கும் ஆட்டம். நான் வரமாட்டேன். யாருக்குக் கை தட்டுவது?

லோரெட்டா


டோலிடோ
டிசம்பர் 19, 1990

அக்கா,

ஆட்டத்தில் என்ன ஆனது என்று தெரிந்திருக்கும். லூயிவில்லை நாங்கள் ஆறு டச்டவுன் போட்டுத் தோற்கடித்தோம். சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். உன் புருஷன் அதைக் கெடுத்துவிட்டான். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் களத்தில் கைகுலுக்கிக்கொண்டிருந்தோம். ரஸ் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். நானும் கையை நீட்டினேன். சமாதானமாகத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"மச்சான், நம்ம பஸ் எந்தப் பக்கம் நிக்குது?"

"எந்த பஸ்?"

"நம்ம டோலிடோ பஸ்டா. எந்தப் பக்கம் போகணும் நான்?"

லூயிவில் அவன் சொந்த மைதானம். அவன் வண்டி அங்கேதான் நிற்கும். பஸ்ஸில் வந்தவர்கள் நாங்கள்தான். பக்கத்திலிருந்த நிருபர்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. "அந்த பஸ்ல உனக்கு இடமில்லன்னு சொல்லியாச்சேடா" என்று நானும் சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அவன் அதே இடத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல நடிகன்.

நான் அவனை அனுப்பியது தொழில். இது அப்படி இல்லை. நாலு பேர் எதிரில் இப்படிக் குத்திக் காட்ட வேண்டுமா? நீயாவது அவனிடம் சொல்.

மிலன்


வியர்ட்டன்
பிப்ரவரி 11, 1992

மிலன்,

உன் போன கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன். இப்போதும் உனக்காக எழுதவில்லை. தெரிந்தும் சொல்லவில்லை என்று யாரும் நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது, அதற்காக.

போன கோடையில் லூயிவில் முதலாளி கிழட்டு கோச்சைத் துரத்திவிட்டு, உன்னிடம் ஒரு வருடம் உதவியாளனாக இருந்த ஒருவனைக் கொண்டுவந்தான். வந்த முதல் வாரமே நான்கு பேரைப் பரப்பிவிட்டான். ரஸ்ஸோடு அந்தச் சின்ன ஃபுல்பேக்கையும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு இவர் எங்கெங்கோ அலைந்தார். போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு. "உன் மேல ஒரு குறையும் இல்ல ரஸ்." நீ அதை அச்சடித்து எல்லா அணிக்கும் அனுப்பிவைத்தாயா?

இப்போது ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு இரும்புச் சாமான் கடையில் நிற்கிறார். நின்றார் என்று சொல்ல வேண்டும். போன மாதம் கடையிலிருந்து வீட்டுக்கு வரவேண்டியவர் பாலத்தைத் தாண்டி ஸ்டூபன்வில் போய்விட்டார். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, டோலிடோ பயிற்சி மைதானத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த பங்க்காரன் உன் பள்ளித் தோழன்தான். அவனே கூட்டிக்கொண்டு வந்து விட்டான்.

"என்னவோ விளையாடறாருன்னு நெனச்சேன் லோரெட்டா. அப்புறம் பாத்தா அவரு விளையாடல."

பிட்ஸ்பர்க்கில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். தலையில் அடி மேல் அடி விழுந்து உள்ளே கலைந்துபோயிருக்கிறது என்கிறார். சரியாகுமா என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

லூயிவில் மைதானத்தில் அன்று அவர் உன்னைக் குத்திக் காட்டவில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பழைய ஆட்டக்காரர் ஒருவர் இப்போதுதான் சொன்னார். உங்கள் டோலிடோ பஸ்ஸைத் தானே தேடிக் கண்டுபிடித்து ஏறி, தன் பழைய இருக்கையில் போய் உட்கார்ந்திருக்கிறார். விடைபெற வந்திருக்கிறார் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்களாம். கடைசியில் யாரோ கையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கிறார்கள். நீ அப்போது நிருபர்களிடம் பேசிக்கொண்டிருந்தாயாம்.

லோரெட்டா


டோலிடோ
ஜனவரி 14, 1993

அன்புள்ள அக்கா,

போன வருடம் நீ எழுதியதை நான் மறக்கவில்லை. எத்தனையோ தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது?

பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் எங்கள் ஆட்டத்தை நீ பார்த்தாயோ என்னவோ. இந்த நாட்டில் பார்க்காதவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது. பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் நான்கு டச்டவுன் மேலே. அப்புறம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, நேரத்தை ஓட்ட வேண்டும். எறிந்த பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். நாங்கள் எறிந்தோம். விழுந்தது. நின்றது. எதிராளி ஒவ்வொன்றாக ஏறி வந்தான். கடைசியில் ஒரே ஒரு கஜம் போனால் ஆட்டம் எங்களுடையது. ஒரு கஜம். அப்போதும் எறிந்தோம். தோற்றோம்.

பெரிய கோச் என் சட்டையைப் பிடித்தார். "ஒரு கஜம் முட்டித் தள்ள உன்கிட்ட ஒரு ஆம்பள கூட இல்லையாய்யா?"

இல்லை. நான்தான் எல்லோரையும் அனுப்பிவிட்டேனே. இரண்டு நாளில் என்னையும் அனுப்பினார்கள். என் கதவைத் தட்டியவன் அன்று ரஸ்ஸின் கதவைத் தட்டிய அதே ஆள்தான். மூன்று வருடம் என்னைத் தோளில் தூக்கிய பத்திரிகைகள் இன்று 'அகலத்தில் தொலைந்தவர்' என்று எழுதுகின்றன. வேடிக்கை என்னவென்றால், என் ஆட்டத்தை ஆடுகிற இன்னொரு அணி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கிறது. அந்த கோச்சுக்கு மாலை மரியாதை.

இந்த நாட்களில் ரஸ்ஸைப் பற்றி நிறைய நினைத்தேன். ஒன்று தோன்றியது, எழுதிவிடுகிறேன். நான் அவனை வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் மூன்று வருடம் முட்டிக்கொண்டிருப்பான். யாரும் யாரையும் முட்ட வேண்டாத ஆட்டத்தைத்தானே நான் வகுத்தேன்? ஒரு விதத்தில் பார்த்தால் நான் அவன் தலையைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். காலம் கடந்துவிட்டது, அவ்வளவுதான்.

நீ ஒரு வரி எழுதினால் ஆறுதலாக இருக்கும்.

மிலன்


வியர்ட்டன்
ஜனவரி 20, 1993

மிலன்,

வேலை போனதும் அக்கா நினைவு வந்திருக்கிறது.

தலையைக் காப்பாற்றினாயா? டோலிடோவில் இருந்தவரை நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு ஓடி முட்டுவார். அதுவே போதும் போதும் என்றிருந்தது. லூயிவில்லில் முக்கால் களத்தை முழு வேகத்தில் ஓடிப் போய் முட்டினார். ஏன் அங்கே போனார்? நீ வெளியே தள்ளியதால் போனார். இடம் போய்விடக் கூடாது என்ற பயத்தில் மயங்கி விழுந்ததைக் கூட மறைத்திருக்கிறார். கண் இருட்டிக்கொண்டு வந்தால் முழங்காலில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டுகிற மாதிரி பாவனை செய்வாராம். இதை அவரே ஒரு நாள், தெளிவாக இருந்த நாளில், என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எந்த மோதலில் இப்படி ஆனது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். எனக்கு முடியும்.

நீ தோற்றதற்காக நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். ரஸ்தான் தொலைக்காட்சியைப் பார்த்து அழுதார். "யாராச்சும் மிலன் கூட நில்லுங்கடா" என்று கத்தினார்.

இனி எழுதாதே.

லோரெட்டா


சான் அன்டோனியோ, டெக்சாஸ்
அக்டோபர் 2, 1996

அக்கா,

எழுதாதே என்றாய். மூன்றரை வருடத்துக்கு மேல் எழுதவில்லை. இதைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டாலும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இங்கே சான் அன்டோனியோ அணியில் உதவியாளனாக இருக்கிறேன். என்னைவிட ரொம்பச் சின்னவன் ஒருவன் எனக்கு மேலே. போன வாரம் கரும்பலகையில் ஒரு ஆட்டத்தை வரைந்து, இது தன் கண்டுபிடிப்பு என்று எனக்கே விளக்கினான். டாரெலுக்காக நான் முதன்முதலில் வரைந்த ஆட்டம் அது. நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல? இப்போது பாதி அணிகள் இப்படித்தான் ஆடுகின்றன. எதிலும் என் பெயர் இல்லை. தோற்றவன் பெயரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த மாதக் கடைசியில் அணிக்கு ஆள் எடுக்க, பிட்ஸ்பர்க் பக்கம் கல்லூரிப் பையன்களைப் பார்க்க வருகிறேன். அங்கிருந்து வியர்ட்டன் பக்கம்தான். ரஸ்ஸை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவன் என்னைத் திட்டினால் திட்டட்டும், அடித்தாலும் பரவாயில்லை. நான் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஏதாவது அவன் செய்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

வரலாமா?

மிலன்


வியர்ட்டன்
அக்டோபர் 14, 1996

மிலன்,

வா. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா. மற்ற நாட்களில் அவருக்குச் சட்டையை மாட்டிவிடுவதற்குள் எனக்கும் அவருக்கும் சண்டை வந்துவிடும். ஞாயிறு மட்டும் சாதுவாக இருப்பார். தொலைக்காட்சி முன்னால் உட்கார்த்திவிட்டால் அசைய மாட்டார்.

ஆனால் அடிப்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்து வராதே. அந்த நிம்மதி உனக்குக் கிடைக்காது. நீ அவரை அனுப்பியது அவருக்கு நினைவில் இல்லை. லூயிவில் இல்லை, இரும்புக் கடை இல்லை. சில நாள் எங்கள் பெரிய மகளின் பெயர்கூட இல்லை. உன் பெயர் மட்டும் இருக்கிறது.

நீ எழுதியிருப்பது சரிதான், இப்போது எல்லோரும் உன் ஆட்டத்தைத்தான் ஆடுகிறார்கள். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. பந்து ஓரத்துக்கு ஓரம் பறக்கும்போது குழந்தை மாதிரி கை தட்டுகிறார்.

"எவ்ளோ எடம் பாரு லோரெட்டா! யாரும் யாரையும் முட்டல பாத்தியா? இது நம்ம மிலன் போட்ட ஆட்டம். எனக்குத் தெரியும், அவன் எங்கிட்டதான் மொதல்ல சொன்னான்."

உலகத்தில் உன் பெயரை அந்த ஆட்டத்தோடு சேர்த்துச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான். அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே சுமக்க வேண்டியிருக்கிறது, மிலன். கனமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஹெலன் வந்தால், "வர்ற ஞாயித்துக்கெழம நான் எறங்கறேன். மிலன் எனக்கு எடம் வெச்சிருக்கான்" என்கிறார். ஆரம்பத்தில் இரண்டு தடவை, இல்லைங்க, அந்த ஆட்டத்தில் ஃபுல்பேக்குக்கு இடமே இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவர் மாதிரி முகம் விழுந்துவிட்டது. அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன். "ஆமாங்க, வெச்சிருக்கான்" என்கிறேன். ஆறு மாதமாக இதே பொய்தான்.

நீ வாசலில் நின்றால் அவர் எழுந்து வந்து உன்னைக் கட்டிப்பிடிப்பார். இன்னும் பலம் இருக்கிறது, விலா வலிக்கும். பிறகு, எத்தனை மணிக்கு மைதானத்துக்கு வர வேண்டும் என்று கேட்பார். நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

பதிலை நீதான் சொல்ல வேண்டும்.

லோரெட்டா